200, 412, 37: ஷேர்பாயிண்டில் உள்ள எல்லா சைட்டையும் ஸ்கிரிப்டில் பட்டியல் எடுப்பது

பங்சார் சவுத் பக்கம் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் அலுவலகத்தில் ஐடி என்றால் அவரும் இன்னொரு பையனும்தான். அலுவலகக் கோப்புகளை எல்லாம் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்டில், சைட் சைட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்தணிக்கை வருகிறது. "நம்ம ஷேர்பாயிண்டில் இருக்கிற எல்லா சைட்டையும் ஒரு எக்செல்லில் போட்டுக் கொடு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் ஓட்டினால் 200 வரி வருகிறது. நிர்வாகிகளுக்கான இணையப் பக்கமான அட்மின் சென்டரிலிருந்து இறக்கிய கோப்பில் 412 இருக்கிறது. கூட வேலை செய்யும் பையன் மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்ற நிரல் இடைமுகம் வழியாக எடுத்ததில் வெறும் 37. "அண்ணே, இதில் எது சரி? ஸ்கிரிப்ட் தப்பா, நான் தப்பா?"

மூன்றும் சரியான எண்தான் தம்பி. நீங்கள் மூன்று பேரிடம் மூன்று வேறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சிக்கல் முழுவதும் "எல்லா" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

என் தாத்தா கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். விடியற்காலை ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேர் வாசிப்பார். களத்தில் நிற்பவர்களை எண்ணினால் ஓர் எண் வரும். செக்ரோலில் உள்ள பேர்களை எண்ணினால் இன்னோர் எண். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாகப் போய்த் தலையை எண்ணினால் மூன்றாவது ஒன்று. "தோட்டத்தில் மொத்தம் எத்தனை பேர்" என்று யாராவது கேட்டால், எந்தக் கணக்கு வேண்டும் என்று கிராணி திருப்பிக் கேட்பாராம். உங்கள் மேலாளரிடமும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பவர்ஷெல்லில் எல்லாக் கட்டளையும் ஒரே அச்சில் வார்த்ததுதான்: முன்னால் ஒரு வினை, நடுவில் சிறு கோடு, பின்னால் ஒரு பெயர். முதல் சில எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

முதலில் அந்த 200. ஷேர்பாயிண்ட் ஆன்லைன் மேனேஜ்மென்ட் ஷெல் என்ற, பவர்ஷெல்லுக்கான துணைக் கருவியில் கெட்-எஸ்பிஓசைட் என்று வெறுமனே கொடுத்தால் அதிகபட்சம் 200 சைட்டைத்தான் அது திருப்பித் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் லிமிட் என்ற பாராமீட்டருக்கு (கட்டளையோடு சேர்க்கும் துணைக் குறிப்பு) ஆல் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு சொல் சேர்ப்பதில் முடிந்துவிடுகிற விஷயம், ஆனால் இதில் மாட்டாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. கணினி தரும் விடை 100, 200, 1000, 5000 என்று முழு எண்ணாக வந்து நின்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நிஜ வாழ்க்கையில் எதுவும் அப்படி வட்டமாக முடிவதில்லை. யாரோ வாசலில் தடுப்புப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அந்த ஷெல்லுக்குள் போகும் வழியிலேயே இரண்டு இடத்தில் கால் தடுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். கனெக்ட்-எஸ்பிஓசர்வீஸ் கட்டளைக்குக் கொடுக்கும் முகவரி உங்கள் வழக்கமான ஷேர்பாயிண்ட் முகவரி இல்லை. நிறுவனப் பெயருக்குப் பின்னால் கோடு போட்டு அட்மின் என்று வருமே, அந்த முகவரி. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிக் கொடுக்கப் பார்க்காதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கும் கணக்கில் அது வேலை செய்யாது. முகவரியை மட்டும் கொடுத்தால் உள்நுழைவுச் சன்னல் தானே திறக்கும். இன்னொன்று, இந்த மாட்யூல் (கட்டளைத் தொகுப்பு) பழைய விண்டோஸ் பவர்ஷெல் 5.1-க்காக எழுதப்பட்டது. நீங்கள் பவர்ஷெல் 7 வைத்திருந்தால், மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது யூஸ்விண்டோஸ்பவர்ஷெல் என்ற பாராமீட்டரையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் புரியாத பிழை காட்டி உங்களை அரை நாள் அலைய வைக்கும். உங்கள் கணக்குக்கு ஷேர்பாயிண்ட் நிர்வாகி பொறுப்பு இருந்தால் போதும், குளோபல் அட்மினாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய மறுநாள் தம்பி திரும்பி வந்தார். லிமிட் ஆல் போட்டு ஓட்டியிருக்கிறார். இப்போது 459. "அண்ணே, இது 412-ஐயும் தாண்டிப் போச்சு!"

போகும். இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. அந்த 459-ஐ டெம்ப்ளேட் வாரியாக, அதாவது சைட் எந்த வார்ப்பில் உருவானது என்ற வகைப்படி, பிரித்துப் பாருங்கள் என்றேன். கெட்-எஸ்பிஓசைட் கட்டளையின் விடையைக் குழாய்க் குறியால் குரூப்-ஆப்ஜெக்ட்டுக்கு அனுப்பி, டெம்ப்ளேட் என்ற பண்பின்படி தொகுக்கச் சொன்னால் ஒரே வரியில் கணக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால், முழுப் பட்டியலை எக்செல்லில் இறக்குவதற்கு முன்னால் எல்லோரும் இந்த ஒரு வரியை ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஷேர்பாயிண்ட் வரலாறே அதில் தெரியும்.

குரூப்#0 என்று வருபவை மைக்ரோசாஃப்ட் 365 குழுவோடு ஒட்டியவை. டீம்ஸில் யாராவது ஒரு டீம் தொடங்கினால் பின்னால் தானாக முளைக்கிற சைட் இதுதான். பெரும்பாலான அலுவலகங்களில் பாதிக்கு மேல் இந்த வகையாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு டீம், ஃபுட்சால் விளையாட ஒரு டீம், "டெஸ்ட்", "டெஸ்ட் 2", "புது டெஸ்ட்" என்று வரிசையாக வரும். சைட்பேஜ்பப்ளிஷிங்#0 என்றால் கம்யூனிகேஷன் சைட், நிறுவனச் செய்தி, கொள்கைப் பக்கங்கள் மாதிரி. எஸ்டிஎஸ்#3 குழு ஒட்டாத புதிய டீம் சைட், எஸ்டிஎஸ்#0 பழைய பாணி. டீம்சேனல் என்று தொடங்குபவை டீம்ஸில் தனிப்பட்ட சேனலோ பகிர்ந்த சேனலோ உருவாக்கும்போது அவற்றுக்கென்று தனியாகப் பிறக்கிற சைட்கள். இதில் டீம்சேனல்#0, டீம்சேனல்#1 என்று இரண்டு எண் இருக்கும், முன்னது பழையது. ரீடைரக்ட்சைட்#0 என்றால் அது சைட்டே இல்லை. யாரோ ஒரு சைட்டின் முகவரியை மாற்றியிருக்கிறார்கள், பழைய முகவரிக்கு வருபவர்களைப் புது இடத்துக்குத் திருப்பிவிட வைத்த வழிகாட்டிப் பலகை அது.

தம்பியின் கணக்கில் டீம்சேனல் 38, ரீடைரக்ட் 9. இரண்டும் சேர்ந்தால் 47. அதை 459-லிருந்து கழித்தால் 412. அட்மின் சென்டரில் ஆக்டிவ் சைட்ஸ் பக்கம் சேனல் சைட்களைத் தனி வரியாகக் காட்டாது, தாய் சைட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். வழிகாட்டிப் பலகைகளும் அங்கே வராது. முடிந்தது கணக்கு. தணிக்கைக்காரரிடம் 412 என்று கொடுத்திருந்தால், அந்த 38 சேனல் சைட்களும் விடுபட்டுப் போயிருக்கும். யோசித்துப் பாருங்கள், ஒரு டீமுக்குள் தனிச் சேனல் எதற்கு வைக்கிறார்கள்? மற்றவர்கள் பார்க்கக் கூடாத விஷயத்துக்கு. சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, டெண்டர் விலை. தணிக்கையில் முதலில் கேட்க வேண்டியதே அவைதான்.

அடுத்து அந்த 37. கிராஃபில் சைட்களைத் தேடச் சொல்லி நட்சத்திரக் குறி கொடுத்திருப்பார் அந்தப் பையன். தன் கணக்கில் உள்நுழைந்து அப்படிக் கேட்டால், தன் கண்ணுக்கு எட்டியதுதான் வரும். களத்தில் நிற்பவர்களை எண்ணிய கணக்கு அது. முழுக் கணக்கு வேண்டுமென்றால் கிராஃபில் கெட்ஆல்சைட்ஸ் என்று தனி வழி இருக்கிறது. ஆனால் அதை ஆள் போய்க் கேட்க முடியாது, மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியில் பதிவு செய்த ஒரு செயலிதான் கேட்க முடியும். அந்தச் செயலிக்கு சைட்ஸ் ரீட் ஆல் என்ற அனுமதியை நிர்வாகி ஒப்புதலோடு கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பலர் யோசிக்காமல் தாண்டிப் போகிற இடம் இது. அந்த அனுமதியின் பெயர் சாதுவாகத் தெரியும், படிப்பதற்கு மட்டும்தானே என்று. உண்மையில் அந்தச் செயலியின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் நிறுவனத்தின் அத்தனை சைட்டிலும் உள்ள அத்தனை கோப்பையும் படிக்கலாம். மனிதவளத் துறையின் ஐசி (அடையாள அட்டை) நகல்கள், வங்கிக் கணக்கு எண்கள், மருத்துவ விடுப்புச் சீட்டுகள் எல்லாம் அடக்கம். வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போக வந்தவனிடம் எல்லா வீட்டுச் சாவியையும் கொடுத்து அனுப்புகிற கதை. வருடத்துக்கு ஓரிரு முறை பட்டியல் எடுக்கத்தான் வேண்டுமென்றால், நிர்வாகியாக நீங்களே உள்நுழைந்து மேனேஜ்மென்ட் ஷெல்லில் எடுப்பதே போதும். தினமும் தானாக ஓட வேண்டும் என்ற தேவை வந்தால் செயலிப் பதிவுக்குப் போங்கள். அப்போதும் கடவுச்சொல் மாதிரியான கிளையன்ட் சீக்ரெட்டை ஸ்கிரிப்டில் ஒட்டி வைக்காமல் சான்றிதழ் முறையில் போங்கள்.

பிஎன்பி பவர்ஷெல் என்ற இன்னொரு மாட்யூலை வைத்திருப்பவர்கள் கெட்-பிஎன்பிடெனன்ட்சைட் கொடுத்தாலும் இதே பட்டியல் வரும். எனக்கு அந்த மாட்யூல்தான் கைக்கு வாகானது. ஆனால் பழைய குறிப்புகளைப் பார்த்து அதை ஓட்டினால் இன்று ஓடாது. எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த உள்நுழைவுச் செயலியை 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்தத் திட்டத்தினர் நீக்கிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு செயலியைப் பதிவு செய்து, அதன் அடையாள எண்ணைக் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். "போன வருஷம் ஓடிய ஸ்கிரிப்ட் இந்த வருஷம் ஓடல" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கதைதான்.

சரி, 459 கிடைத்துவிட்டது. இதோடு "எல்லாம்" முடிந்ததா? இல்லை. ஒன்டிரைவ் இதில் ஒன்றுகூட இல்லை. ஊழியர் ஒவ்வொருவரின் ஒன்டிரைவும் உள்ளுக்குள் ஒரு ஷேர்பாயிண்ட் சைட்தான், ஆனால் இன்க்ளூட்பர்சனல்சைட் என்ற பாராமீட்டருக்கு ட்ரூ கொடுத்தால்தான் தலைகாட்டும். அவற்றின் டெம்ப்ளேட் எஸ்பிஎஸ்பெர்ஸ்#10 என்று வரும். மேலாளர் "சைட்" என்று சொல்லும்போது இதையும் நினைத்துச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் ஒன்டிரைவ் முக்கியமாக. கணக்கை அழித்த பிறகு அது இயல்பாக 30 நாள்தான் தங்கும், நீங்கள் அமைப்பில் மாற்றி வைத்தால் ஒழிய.

அழிக்கப்பட்ட சைட்களும் இதில் சேராது. அவற்றுக்கு கெட்-எஸ்பிஓடெலீட்டட்சைட் என்று தனிக் கட்டளை, அதற்கும் லிமிட் ஆல் போட்டே ஓட்டுங்கள். அழித்த சைட் 93 நாள் அங்கே காத்திருக்கும். ஆனால் அதோடு ஒட்டிய மைக்ரோசாஃப்ட் 365 குழுவுக்கு 30 நாள்தான் ஆயுள். நாற்பதாவது நாளில் சைட்டை மீட்டால் கோப்புகள் வரும், குழு வராது. இதைத் தெரியாமல் "93 நாள் இருக்கே" என்று நிதானமாக இருந்து தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

இன்னொரு ஓட்டை துணை சைட்கள், அதாவது ஒரு சைட்டுக்குள் இருக்கும் சைட்கள். கெட்-எஸ்பிஓசைட் மேல்மட்டத்தில் உள்ள சைட் கலெக்‌ஷன்களை மட்டுமே எண்ணும். புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களில் இது பெரிய விஷயமில்லை, இப்போதெல்லாம் யாரும் துணை சைட் போடுவதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சொந்த சர்வரில் ஷேர்பாயிண்ட் வைத்திருந்து பிறகு மேகத்துக்கு நகர்ந்தவர்கள் கவனிக்க வேண்டும். போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்துக்கு நான் பட்டியல் எடுத்துக் கொடுத்தபோது "இண்ட்ராநெட்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. சாதாரண வரிதானே என்று தாண்டிப் போயிருப்பேன். அதன் சேமிப்பு அளவு மட்டும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருந்தது கண்ணை உறுத்தியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஈப்போ, பினாங்கு, ஜொகூர் பாரு, குவாந்தான் என்று கிளைக்கு ஒன்றாகவும், அதற்குள் துறைக்கு ஒன்றாகவும் அறுபத்துச் சொச்சம் துணை சைட்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல். அங்கே கெட்-பிஎன்பிசப்வெப் கட்டளையை ரிகர்ஸ் (உள்ளுக்குள் உள்ளாகத் தேடு) போட்டு ஓட்டித்தான் வெளியே கொண்டுவந்தேன்.

அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நிர்வாகி என்பதால் சைட்டின் பெயரும் அளவும் தெரியுமே தவிர உள்ளே நுழைகிற உரிமை தானாக வராது. துணை சைட்டை எண்ண வேண்டுமென்றால் அந்த சைட்டுக்கு உங்களை நீங்களே அட்மினாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது தணிக்கைப் பதிவில் விழும். செய்வதற்கு முன் மேலாளரிடம் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் உங்களை நீக்கிவிடுங்கள். அத்தனை சைட்டிலும் உங்கள் பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த தணிக்கையில் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

சைட் சைட்டாகச் சுற்றி வரும்போது நடுவில் 429 என்ற பிழை வரலாம். நீங்கள் வேகமாகக் கேட்கிறீர்கள், கொஞ்சம் பொறு என்று சர்வர் சொல்கிறது. எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்பதும் அந்தப் பதிலிலேயே ரீட்ரை-ஆஃப்டர் என்ற தலைப்பில் இருக்கும். அந்த நேரம் காத்திருந்து மறுபடி கேட்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். பிழை வந்தால் அடுத்த சைட்டுக்குத் தாவுகிற மாதிரி எழுதிவிட்டால், தாவிய சைட் எல்லாம் பட்டியலில் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எந்தெந்தப் பத்தியை எடுப்பது? தலைப்பு, முகவரி, டெம்ப்ளேட், உரிமையாளர், ஸ்டோரேஜ்யூசேஜ்கரன்ட் (சேமிப்பு அளவு), லாஸ்ட்கன்டென்ட்மாடிஃபைட்டேட் (கடைசியாக மாறிய தேதி), ஷேரிங்கேபபிலிட்டி (வெளிப்பகிர்வு நிலை), லாக்ஸ்டேட் (பூட்டு நிலை). இந்த எட்டு போதும். சேமிப்பு மெகாபைட்டில் வரும், 1024-ஆல் வகுத்து ஜிகாபைட்டாக்கிக் கொடுங்கள், மேலாளருக்குப் புரியும். மொத்த இடத்தின் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: நிறுவனத்துக்கு 1 டெராபைட், அதற்கு மேல் தகுதியுள்ள உரிமம் ஒன்றுக்கு 10 ஜிகாபைட் வீதம். 80 பேர் உள்ள அலுவலகத்துக்கு 1 டெராபைட்டும் 800 ஜிகாபைட்டும். கடைசியாக மாறிய தேதியை மட்டும் முழுதாக நம்பி "இது செத்த சைட்" என்று தீர்ப்பெழுத வேண்டாம். ஆள் தொடாமல் ஏதாவது தானியங்கி வேலை தொட்டாலும் அந்தத் தேதி நகரும். மொத்தமாகப் பட்டியல் எடுக்கும்போது வேறு சில பண்புகள் நிரம்பாமலோ இயல்பு மதிப்போடோ வரும் என்பதும் நினைவிருக்கட்டும். முக்கியமான சைட் என்றால் அதன் முகவரியை ஐடென்டிட்டியாகக் கொடுத்துத் தனியாக ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

உரிமையாளர் பத்தியைப் பார்த்ததும் திடுக்கிடாதீர்கள். குழு ஒட்டிய சைட்களில் ஆள் பெயருக்குப் பதில் நீளமான ஒரு அடையாள எண்ணும், கடைசியில் ஓர் அடிக்கோடும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். "இந்தக் குழுவின் உரிமையாளர்கள்" என்பதற்கு அது குறியீடு. கடைசி இரண்டு எழுத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது குழுவின் எண். அதை கெட்-எம்ஜிகுரூப்ஓனர் கட்டளைக்குக் கொடுத்தால் உரிமையாளர்கள் பட்டியல் வரும். ஒருவரும் வராத குழுக்களும் இருக்கும். தொடங்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. அந்த அநாதை சைட்களை மட்டும் தனித் தாளில் போட்டுக் கொடுங்கள். தணிக்கைக்காரருக்கு மொத்தப் பட்டியலைவிட அந்தத் தாள்தான் தேவைப்படும்.

இப்போது நான் அவமானப்பட்ட கதை ஒன்று. முன்பு வேலை பார்த்த இடத்தில் முதல்முறை இந்தப் பட்டியலை எடுத்து, பசியாறக்கூடப் போகாமல் அவசரமாகக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். திரையில் போட்டதும் எங்கள் புவான் (மேலதிகாரி அம்மா) கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார், "இது என்ன, நம்மை யாராவது ஹேக் பண்ணிவிட்டார்களா?" திரையில் இருந்த வரி இது:

??????? ????????? 2022

அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் ஏழெட்டு வரி, நாலைந்து கேள்விக்குறியாக. மேலே இருந்தது "தீபாவளி உபசரிப்பு 2022". கீழே இருந்தவை சீனத் தலைப்புகள். மலாய், ஆங்கிலத் தலைப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளை நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கி என்கோடிங்கில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) எழுதும். ஆஸ்கிக்குத் தமிழும் தெரியாது, சீனமும் தெரியாது, தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி. தீபாவளி நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. ஈ, ஆ, இ மூன்றின் குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதனால்தான் முதல் சொல்லில் ஏழு கேள்விக்குறி. அந்தக் கோப்பிலிருந்து மூலப் பெயரை மீட்கவும் முடியாது, எழுத்துப் போனது போனதுதான். திரும்ப ஓட்டத்தான் வேண்டும்.

ஆகவே 5.1-இல் என்கோடிங் பாராமீட்டருக்கு யூடிஎஃப்8 என்று கொடுங்கள். நோடைப்இன்ஃபர்மேஷன் என்பதையும் சேர்த்தால் கோப்பின் தலையில் வரும் அந்தத் தேவையில்லாத முதல் வரி வராது. பவர்ஷெல் 7-இல் இயல்பாகவே யூடிஎஃப்8-தான், ஆனால் அங்கே வேறு ஒரு வம்பு. கோப்பின் தொடக்கத்தில் வைக்க வேண்டிய பாம் என்ற சின்ன அடையாளத்தை அது வைக்காது. அது இல்லாத கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். யூடிஎஃப்8பாம் என்று கேட்டு எழுதுங்கள். கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தின் சைட் தலைப்புகள் மூன்று நான்கு மொழியில் இருப்பது சாதாரணம். இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஸ்கிரிப்ட்களை எழுதியவர்களுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

ஷேரிங்கேபபிலிட்டி பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் டிஸேபிள்ட் என்றால் வெளியாட்களுக்குக் கதவு மூடியிருக்கிறது. எக்ஸ்டர்னல்யூசர்அண்ட்கெஸ்ட்ஷேரிங் என்றால் இணைப்பு கையில் கிடைத்த யாரும் உள்நுழையாமலே பார்க்கும்படி பகிர வழியிருக்கிறது. நிறுவன அளவில் இதைவிடக் கடுமையான விதி போட்டிருந்தால் அதுதான் செல்லும், சைட்டில் என்ன எழுதியிருந்தாலும். எனவே இந்தப் பத்தியைத் தனியாக வாசிக்காதீர்கள், கெட்-எஸ்பிஓடெனன்ட் கொடுக்கும் மதிப்போடு சேர்த்து வாசியுங்கள்.

மேலாளர் "இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்" என்று கேட்டால் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024-இல் திருத்தம் வந்தது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை நடப்பில் இருக்கிறது. அதற்கான கெடு 72 மணி நேரம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கசிவு தெரிய வருகிறது என்று வையுங்கள். எந்த சைட்டில் யாருடைய ஐசி இருக்கிறது, அது யார் பொறுப்பு என்று அப்போது உட்கார்ந்து தேட ஆரம்பித்தால் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் கெடு போய்விடும். தரவு மலேசியாவுக்குள்ளேயே இருக்கிறதா என்பது வேறு விஷயம். மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் இங்கே மேகத் தரவு மையங்களைத் திறந்ததும் எங்களிடம் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

ஒருமுறை எடுத்துக் கொடுத்ததோடு விட்டுவிடாமல் மாதம் ஒருமுறை ஓட்டி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கோப்புகளையும் கம்பேர்-ஆப்ஜெக்ட்டில் முகவரியை வைத்து ஒப்பிட்டால் புதிதாக முளைத்தவை, காணாமல் போனவை இரண்டும் நாலைந்து வரியில் தெரிந்துவிடும். 459 வரியை யாரும் மாதாமாதம் வாசிக்க மாட்டார்கள், அந்த நாலைந்து வரியை வாசிப்பார்கள்.

உங்கள் தணிக்கைக் கோப்புக்கு இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். முதல் தாளில் 450, அதாவது 459-லிருந்து 9 வழிகாட்டிப் பலகைகளை நீக்கியது. இரண்டாவது தாளில் ஒன்டிரைவ்கள். மூன்றாவதில் அழிக்கப்பட்டு 93 நாளுக்குள் இருப்பவை. நான்காவதில் உரிமையாளர் இல்லாதவை. முதல் தாளின் மேலே, தலைப்பு வரிக்கு முன்னால் ஒரு வரி விட்டு, எந்தத் தேதி எந்த நேரத்தில், யார் கணக்கில், எந்தக் கட்டளையை என்னென்ன பாராமீட்டரோடு ஓட்டினீர்கள் என்பதை அப்படியே ஒட்டுங்கள். துணை சைட்களை எண்ணவில்லை என்றால் எண்ணவில்லை என்றும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.